என் தொடை எங்கே போச்சு?

எங்கள் ஆபீஸில் வருஷத்துக்கு ஒரு தடவை 'மாஸ்டர் செக்கப்' என்றொரு சடங்கு உண்டு. செலவு கம்பெனியுடையது என்பதால் அன்றைக்கு ஒருத்தரும் லீவு போடமாட்டார்கள். வெறும் வயிற்றோடு போய் ரத்தம் கொடுத்து, அவர்களே தரும் இட்லியைச் சாப்பிட்டு, மறுபடி ரத்தம் கொடுத்து, வயிற்றில் ஜில்லென்று எதையோ தடவி ஸ்கேன் எடுத்துக்கொண்டு, 'எனக்கு ஒண்ணுமில்லப்பா' என்று மத்தியானம் ஸீட்டுக்குத் திரும்பிவிடலாம்.

போன தடவை என்னால் அப்படித் திரும்ப முடியவில்லை.

ஸ்கேன் எடுத்த டாக்டர் திரையையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"ட்ரிங்க்ஸ் உண்டா சார்?"

"ஒரு நாளைக்கு மூணு டம்ளர். டிகிரி காபி."

"நான் அதைக் கேக்கலை."

அவர் கேட்டது எதுவோ அது எனக்குப் பழக்கமில்லை. கல்யாண ரிசப்ஷனில் ஜூஸ் குடித்தால்கூட மோந்து பார்த்துவிட்டுக் குடிக்கிற ஜாதி நான். ஆனால் ரிப்போர்ட்டில் தெளிவாக அச்சடித்திருந்தது: 'ஃபேட்டி லிவர், கிரேடு 2'.

விஷயம் ஆபீஸுக்கு என்னைவிட வேகமாகப் போய்ச் சேர்ந்தது. "யோவ் அமுக்குணி! எங்களை விட்டுட்டுத் தனியாவா?" என்றார் கேஷியர். வீட்டில் மனைவி ஒன்றுமே சொல்லவில்லை. ஆனால் ராத்திரி நான் தூங்கிவிட்டதாக நினைத்து என் ஆபீஸ் பையின் ஜிப்பை மெதுவாகத் திறந்து பார்த்த சத்தம் கேட்டது. உள்ளே இருந்தது டிபன் பாக்ஸும் சீசன் டிக்கெட்டும்தான்.

எனக்கு வயது 38. உயரம் 168 சென்டிமீட்டர். அப்போது எடை 66 கிலோ. ஸ்கூலிலிருந்தே பட்டப்பெயர் 'ஒல்லி'. சட்டையை இன் பண்ணாமல் விட்டால் இன்றைக்கும் ஒல்லிதான். இன் பண்ணினால்தான் பெல்ட்டுக்கு மேலே உண்மை எட்டிப் பார்க்கும். அதை நான் 'காத்து' என்று சொல்லி நம்பிக்கொண்டிருந்தேன்.

சித்தப்பாவின் கைகள்

மற்றவர்களென்றால் ரிப்போர்ட்டை பீரோவில் வைத்துப் பூட்டியிருப்பார்கள். என்னால் முடியவில்லை. காரணம் என் சித்தப்பா.

கும்பகோணம் பக்கத்தில் ஒரு ரைஸ் மில்லில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். சர்க்கரை வியாதி உண்டு. வெற்றிலைகூடப் போடமாட்டார். 2003-இல் தன் 54-ஆவது வயதில் இறந்துபோனார். கல்லீரல் சுருங்கிவிட்டது, 'சிரோசிஸ்' என்றார்கள். காரணம் தெரியவில்லை என்றும் எழுதினார்கள். டாக்டருக்குத் தெரியாத காரணம் எங்கள் தெருவுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. "ராத்திரியிலே ரகசியமாக் குடிப்பானாம்." சித்தி அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டேதான் பத்தாம் நாள் காரியம் செய்தாள்.

கடைசியாக நான் பார்த்தபோது வயிறு பானை மாதிரி வீங்கியிருந்தது. கையும் காலும் மட்டும் குச்சி. முட்டிக்கு மேலே தொடை என்று ஒன்று இருந்த இடமே தெரியவில்லை. என்னைப் பார்த்து அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அந்தக் கைகள்தான் என் ரிப்போர்ட்டைப் படிக்கும்போது கண்முன்னால் வந்தன.

பட்டினி மகாத்மியம்

டாக்டரிடம் போவதற்குப் பதில் நானே வைத்தியனானேன். கொழுப்புதானே பிரச்னை? சாப்பிட்டால்தானே கொழுப்பு? காலையில் தண்ணியான ஓட்ஸ் கஞ்சி. மத்தியானம் வெள்ளரிக்காய். ராத்திரி பப்பாளி. பருப்பு, முட்டை, பால் எல்லாம் 'கொழுப்பு' என்று தள்ளிவைத்தேன். ஆபீஸில் யாருக்காவது பிறந்த நாள் என்றால் கேசரி வாசனையைத் தாண்டி மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

இரண்டே மாதம். 66 கிலோ 60 கிலோவாயிற்று! வெயிங் மெஷினைக் கட்டிப்பிடிக்காத குறை. கேஷியர், "என்னய்யா, சுகரா?" என்று கேட்டதைக்கூடப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கேஸ் சிலிண்டர் வந்தது. லிஃப்ட் கிடையாது, இரண்டாவது மாடி. எத்தனையோ வருஷமாக நான்தான் தூக்கிக்கொண்டு வருவேன். அன்றைக்கு முதல் மாடித் திருப்பத்தில் கை நடுங்கியது. சிலிண்டரைக் கீழே வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தேன். பின்னாலிருந்து வந்த எதிர்வீட்டுப் பெரியவர், வயது 67, "தள்ளுங்க தம்பி" என்று சொல்லி அதைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு மேலே போய்விட்டார். என் மனைவி கதவைத் திறந்தபோது முதலில் பெரியவர், அடுத்து சிலிண்டர், கடைசியில் புருஷன்.

மறுநாள் டாக்டரிடம் போனேன்.

நாற்காலிப் பரீட்சை

அவர் கல்லீரல் ஸ்பெஷலிஸ்ட். ஐம்பது வயதிருக்கும் அம்மையார். நான் பெருமையோடு, "ஆறு கிலோ குறைச்சுட்டேன் மேடம்" என்றேன்.

"எதைக் குறைச்சீங்க?"

"எடையை."

"அது தெரியுது. எடையிலே எதை?"

பதில் தெரியவில்லை. அந்த அம்மா ஒரு நாற்காலியைக் காட்டினார். "கையை மார்புக்குக் குறுக்கே கட்டிக்குங்க. அஞ்சு தடவை எழுந்து உட்காருங்க. எவ்வளவு வேகமா முடியுமோ அவ்வளவு."

பதினாலு செகண்ட் ஆயிற்று. அடுத்து ஒரு கைப்பிடிக் கருவியைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். 25 கிலோ. கெண்டைக்காலை டேப்பால் அளந்தார். 32 சென்டிமீட்டர்.

"ஆசிய நாட்டுக்காரங்களுக்குன்னு 2019-லே ஒரு நிபுணர் குழு அளவு போட்டிருக்கு. ஆம்பளைங்களுக்குக் கைப்பிடி 28 கிலோவுக்குக் கீழே போகக்கூடாது. கெண்டைக்கால் 34 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது. அஞ்சு தடவை எழுந்து உட்கார 12 செகண்டுக்குள்ளே முடிக்கணும்."

"அப்ப நான் மூணுலேயும் ஃபெயிலா?"

"அது வயசானவங்களுக்குன்னு போட்ட அளவு சார். நீங்க தாத்தாக்கள் பரீட்சையிலே ஃபெயில்."

உடம்பில் எவ்வளவு கொழுப்பு, எவ்வளவு சதை என்று சொல்லும் மெஷினில் ஏற்றினார். மாஸ்டர் செக்கப்பில் எடுத்த பழைய கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்ததில், போன ஆறு கிலோவில் கொழுப்பு மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் கீழே. மிச்சம் சதை, அதில் கொஞ்சம் தண்ணீர். "மெஷின் கணக்கு முன்னே பின்னே இருக்கும். ஆனா உங்க கை நடுங்கினது பொய்யில்லையே!" என்றார்.

தசை தேய்வதற்கு மருத்துவத்தில் 'சார்க்கோபீனியா' என்று பெயர். 1980-களின் கடைசியில் இர்வின் ரோசன்பெர்க் என்ற அமெரிக்க டாக்டர் கிரேக்க மொழியிலிருந்து எடுத்து வைத்த பெயர். 'சதை வறுமை' என்று அர்த்தம் வைத்துக்கொள்ளலாம். முப்பது வயதுக்கு மேல் சும்மா இருந்தாலே பத்து வருஷத்துக்கு 3 முதல் 8 சதவிகிதம் தசை போய்விடுமாம். நான் இருந்தது 'சும்மா'வுக்கும் கீழே. தாம்பரத்தில் ஏறி ஸீட்டைப் பிடித்து, கிண்டியில் இறங்கி, ஆபீஸில் ஒன்பது மணி நேரம் நாற்காலி, வீட்டுக்கு வந்தால் சோபா.

சரி, தொடை தேய்ந்தால் ஈரலுக்கென்ன?

இதைத்தான் நானும் கேட்டேன். அந்த அம்மா சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன்.

நாம் சாப்பிடும் சோறும் இட்லியும் கடைசியில் சர்க்கரையாகத்தான் ரத்தத்துக்கு வருகிறது. அதை இறக்கிவைக்க உடம்பில் இரண்டு கிட்டங்கிகள். ஒன்று கல்லீரல், அதில் சுமார் 100 கிராம் கொள்ளும். இன்னொன்று தசை, அதில் சுமார் 400 கிராம் கொள்ளும். ஆக, பெரிய கிட்டங்கி தொடையிலும் முதுகிலும்தான் இருக்கிறது. தசை கரைந்துபோனாலோ, இருக்கிற தசை இன்சுலின் தட்டியும் கதவைத் திறக்காமல் அடம்பிடித்தாலோ, லாரி லாரியாக வரும் சரக்கு எங்கே போகும்? கல்லீரல் வாசலுக்குத்தான். தாராள மனசுக்காரக் கல்லீரல் அதையெல்லாம் கொழுப்பாக மாற்றித் தன் வீட்டிலேயே அடுக்கிக்கொள்கிறது.

இது கதையல்ல. 2007-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஒல்லியான இளவட்டங்களை வைத்தே இதைப் பார்த்தார்கள். மாவுச்சத்து நிறைந்த சாப்பாடு கொடுத்தபோது, தசை இன்சுலின் பேச்சைக் கேட்காதவர்களுக்குத் தசையில் சேர்ந்த சரக்கு குறைவு. கல்லீரல் உண்டாக்கிய கொழுப்பு அதிகம். கொரியாவில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஏழு வருஷம் கவனித்து 2018-இல் எழுதினார்கள். உடல் எடையில் தசையின் பங்கு அதிகம் இருந்தவர்களுக்கு ஃபேட்டி லிவர் வருவது குறைந்தது. ஏற்கெனவே வந்திருந்தவர்களுக்கு அது சரியாகும் வாய்ப்பும் கூடியது.

எதிர்ப்பக்கமாகவும் வண்டி ஓடுகிறது. கொழுத்த கல்லீரல் உடம்பெங்கும் ஒரு மந்தமான அழற்சியைக் கிளப்பிவிட, அதில் தசை இன்னும் தேய்கிறது. போதாததற்குத் தசைக்கு உள்ளேயே கொழுப்பு குடியேறுகிறது. எம்.ஆர்.ஐ. எடுத்தால் தொடைச் சதையில் வெள்ளை வெள்ளையாக வரி தெரியுமாம். வெளியே பார்த்தால் தொடை, உள்ளே பாதி நெய்!

ஒரு புனே டாக்டரும் ஒரு லண்டன் டாக்டரும்

"அதெல்லாம் சரி மேடம். நான் குண்டே இல்லையே?"

அதற்கு அவர் ஒரு கதை சொன்னார். புனேயில் யாஜ்னிக் என்று ஒரு சர்க்கரை நோய் நிபுணர். லண்டனில் யுட்கின் என்று ஒரு டாக்டர். இரண்டு பேருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு, அதுதான் பி.எம்.ஐ., ஒரே மாதிரி 22.3. உடம்புக்குள் எத்தனை கொழுப்பு என்று அளந்தால் லண்டன்காரருக்கு 9.1 சதவிகிதம். நம்ம ஊர்க்காரருக்கு 21.2! இரண்டு பேரும் சேர்ந்து நிற்கும் போட்டோவோடு 2004-இல் 'லான்செட்' பத்திரிகையில் இதைப் போட்டார்கள். இரண்டு பேர் பெயரும் இங்கிலீஷில் 'ஒய்'யில் ஆரம்பிப்பதால் 'ஒய்-ஒய் புதிர்' என்றே அதற்குப் பெயராகிவிட்டது.

நம் ஆட்கள் வெளியே ஒல்லி, உள்ளே குண்டு. அதனால்தான் இந்தியர்களுக்கு பி.எம்.ஐ. 23-ஐத் தாண்டினாலே எடை அதிகம் என்கிறார்கள். ஆண்களுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது. எனக்கு செக்கப்பின்போது 94. பட்டினிக்குப் பிறகும் 91. தொடை போனது, தொப்பை போகவில்லை! சதி செய்தது யார் என்று இப்போது தெரிந்துவிட்டது.

துணைக்கு நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பது ஓர் அற்ப ஆறுதல். இந்தியாவில் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2022-இல் போட்ட கணக்குப்படி, பெரியவர்களில் நூற்றுக்கு சுமார் 38 பேருக்கு ஃபேட்டி லிவர். எங்கள் செக்‌ஷனில் எட்டுப் பேர். மூன்று பேர் தேறுவோம். கேஷியர் தன் ரிப்போர்ட்டை இதுவரை யாருக்கும் காட்டவில்லை என்பதைக் கவனிக்கவும்.

இதற்குக் குடி அவசியமில்லை என்பது மருத்துவ உலகத்துக்கே லேட்டாகத்தான் உறைத்தது. 1980-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் லுட்விக் என்பவர், குடிக்காதவர்களின் ஈரலிலும் குடிகாரர் ஈரலைப் போலவே சேதம் இருப்பதைப் பார்த்து எழுதினார். ரொம்ப காலம் 'ஆல்கஹாலால் வராத' என்ற அடைமொழியோடுதான் இந்த நோய் நடமாடியது. 2023-இல்தான் அந்த வார்த்தையை எடுத்துவிட்டு, உடம்பின் வளர்சிதைக் கோளாறால் வருவது என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். சித்திக்கு அந்தப் பெயர் இருபது வருஷம் லேட்.

(அதற்காக, குடிக்கிற தம்பிகள் 'நமக்கு வேற வியாதி' என்று சந்தோஷப்பட வேண்டாம். கொழுப்போடு சாராயமும் சேர்ந்தால் ஈரலுக்கு இரண்டு பக்கமும் இடி.)

சித்தப்பாவைப் பற்றியும் கேட்டேன். "ரிப்போர்ட் எதையும் பார்க்காம உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா சர்க்கரை வியாதி, காரணம் தெரியாத சிரோசிஸ்னா, அந்தக் காலத்திலே பல பேருக்கு ஃபேட்டி லிவர்தான் முத்திப்போய் அப்படி ஆகியிருக்கு" என்றார். கடைசியில் ஆளே தெரியாமல் பேசினாரே என்றேன். கெட்டுப்போன ஈரலால் அமோனியாவைச் சுத்தம் செய்ய முடியாது. அது மூளைக்கு ஏறிவிடும். அந்த நேரத்தில் கைகொடுக்கும் இன்னொரு உறுப்பு தசைதானாம். அமோனியாவில் ஒரு பங்கை அது வாங்கிச் செரித்துக்கொள்ளும். சித்தப்பாவிடம் அந்தத் தசையும் இல்லை. நான் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

தண்டால், பஸ்கி, சுண்டல்

எனக்கு ஈரலின் விறைப்பைப் பார்க்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுத்தார்கள். நல்ல வேளை, தழும்பு விழவில்லை. கொழுப்பு மட்டும் என்கிற கட்டத்தில் ஈரல் மன்னித்துவிடும். எடையில் 5 சதவிகிதம் குறைந்தாலே கொழுப்பு இறங்கும், 7 முதல் 10 சதவிகிதம் குறைந்தால் அழற்சியும் தணியும். ஆனால் குறைய வேண்டியது கொழுப்பு.

"மாத்திரை ஏதாவது?" என்றேன். எல்லாரும் கேட்கிற கேள்வி போலிருக்கிறது. இதற்கென்று முதல் மருந்துக்கு அமெரிக்காவில் 2024 மார்ச்சில்தான் அனுமதி கிடைத்தது. எடை குறைக்கும் செமக்ளுடைட் ஊசிக்கு 2025 ஆகஸ்டில். இரண்டும் ஈரலில் அழற்சியோடு தழும்பும் விழுந்தவர்களுக்கு. அந்த ஊசியால் எடை குறையும்போதும் கொழுப்போடு கொஞ்சம் சதையும் சேர்ந்துதான் போகும். "உங்களுக்கு நான் எழுதித் தர்றது தோப்புக்கரணம்" என்றார் டாக்டர்.

ஜோக் என்று நினைத்தேன். இல்லை. வாரத்தில் ஐந்து நாள் அரை மணி வேகநடை. அதில்லாமல் இரண்டு மூன்று நாள் தசைக்கு வேலை. நம் தாத்தாக்கள் ஆற்றங்கரையில் எடுத்த அதே பஸ்கியும் தண்டாலும்! தசை வேலை செய்யும்போது இன்சுலினுக்குக் காத்திராமல் சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்கிறது. எடை குறையாவிட்டாலும் இந்தப் பயிற்சியால் ஈரலில் கொழுப்பு குறைவதைப் பார்த்திருக்கிறார்கள்.

முதல் நாள் பஸ்கி எட்டு. தண்டால் பூஜ்யம். கீழே போனேன், மேலே வரவில்லை. என் ஏழு வயது மகள் பக்கத்தில் படுத்துக்கொண்டு, "அப்பா, தூங்கறியா?" என்றாள். பிறகு சுவரில் கை வைத்து, அடுத்து மேஜையில், மூன்றாம் மாதம்தான் தரையில்.

சாப்பாட்டில் புரதம். சிறுநீரகம் நன்றாக இருந்ததால் எடைக்கு ஒரு கிலோவுக்கு 1.2 கிராம் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார். எனக்கு ஒரு நாளைக்கு 72 கிராம். காலையில் மூன்று இட்லியோடு இரண்டு முட்டை. மத்தியானம் சோற்றைப் பாதியாக்கி, பருப்பைக் கெட்டியாக்கித் தயிர். நாலு மணிக்கு ஆபீஸ் கேண்டீன் போண்டாவுக்குப் பதில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல். ராத்திரி சப்பாத்தியோடு மீனோ கோழியோ. சைவக்காரர்களுக்கு சோயா உருண்டை, பனீர். பாட்டில் ஜூஸ், கலர், பேக்கரிச் சமாசாரங்கள் 'கட்'. காபிக்குத் தடையில்லை. ஈரலுக்கு நல்லதாம், சர்க்கரை போடாவிட்டால். டிகிரி காபியில் சர்க்கரையைத் துறந்தவனை வேறு எதற்காகவும் சன்னியாசி என்று அழைக்கலாம்.

எட்டு மாதம் ஆகிறது. எடை 62 கிலோ. அதாவது பட்டினியில் இருந்ததைவிட இரண்டு கிலோ அதிகம்! இடுப்பு 86. கைப்பிடி 33 கிலோ. நாற்காலிப் பரீட்சை 9 செகண்ட். ஸ்கேனில் இன்னும் 'கிரேடு 1' இருக்கிறது. டாக்டர், "அவசரமில்லை, அது ஒரே நாள்லே வந்ததில்லை" என்கிறார்.

போன மாதம் ஊருக்குப் போனபோது சித்தியிடம் என் ரிப்போர்ட்டைக் காட்டி, குடிக்காதவர்களுக்கும் இது வரும் என்று சொன்னேன். எழுத்துக் கூட்டி ஒரு தடவை படித்தாள். "இதை உங்க தெரு ஜனங்ககிட்ட அப்பவே சொல்ல ஆளில்லையே" என்று மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு, "உனக்குக் குழம்பு கெட்டியா ஊத்தட்டுமா?" என்றாள்.

சிலிண்டர் இப்போது என் தோளில்தான் வருகிறது. எதிர்வீட்டுப் பெரியவர் வாசலில் நின்று, "பரவாயில்லையே தம்பி" என்கிறார்.

நீங்கள் செய்து பார்க்க

* சாதாரண நாற்காலி, சுவரை ஒட்டிப் போடவும். சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலி வேண்டாம், டாக்டருக்குப் பதில் எலும்பு டாக்டரிடம் போக நேரிடும்.

* கையை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து தடவை முழுதாக எழுந்து உட்காரவும். 12 செகண்டோ அதற்கு மேலோ ஆனால் யோசிக்கவும். இது நோய் என்ற தீர்ப்பில்லை. டாக்டரிடம் பேச ஒரு காரணம்.

* தொப்புளுக்கு நேரே டேப்பை வைத்து இடுப்பை அளக்கவும். மூச்சைப் பிடித்து உள்ளே இழுக்கக் கூடாது. பார்க்க யாருமில்லை.

* எஸ்.ஜி.பி.டி. நார்மல் என்று மட்டும் வைத்து நிம்மதி வேண்டாம். ஃபேட்டி லிவர் இருந்தும் அது நார்மலாகக் காட்டலாம். வலியும் பெரும்பாலும் இருக்காது.

கேஷியருக்கும் இந்தப் பரீட்சை வைத்தேன். எத்தனை செகண்ட் என்று சொல்லக்கூடாது என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறார். மறுநாளிலிருந்து மனுஷர் சுண்டல் வாங்கித் தின்கிறார், அதுவும் என் கணக்கில்!